அத்தானின் அன்னாசி ஜாடி

என் அக்கா புருஷன் தராசு ரிப்பேர் செய்கிறவர். அவர் உள்ளே நுழைந்தாலே பாதிக் கடைக்காரர்கள் கள்ள எடைக்கல்லை ஒளித்துவைப்பார்கள். "மிஷின் பொய் சொல்லாது, மனுஷன்தான் சொல்லுவான்" என்பது முப்பது வருடமாக அவர் பேசும் வசனம்.

தனக்குச் சர்க்கரை நோய் வந்ததும் அந்தப் புத்தியெல்லாம் எங்கே போனதோ! மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார். அன்னாசிப் பழத்தை ஜாடியில் புளிக்கவைத்து, தினமும் காலையில் ஒரு டம்ளர் குடித்தார். "சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் அந்தப் புளிப்பு தின்னுடும்" என்று அக்கம்பக்கத்துக்குப் பாடம் வேறு எடுத்தார். கொஞ்ச நாளாக, பக்குவம் கூடிவிட்டது, புளிப்பே தெரியவில்லை என்று ஒரே பீற்றல்.

போன ஞாயிற்றுக்கிழமை என் கண் முன்னால் விரலைக் குத்தி, சர்க்கரை பார்க்கும் மிஷினில் சோதித்தார். நானூற்றுப் பன்னிரண்டு! எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"மிஷின் கெட்டுப்போச்சு" என்றார் அத்தான். உடனே அக்காவின் விரலைக் குத்தினார். நூற்று நான்கு. என் விரலைக் குத்தினார். தொண்ணூற்றெட்டு. மிஷின் சரியாகத்தான் இருந்தது. அத்தான் அன்னாசி ஜாடியைத் திரும்பிப் பார்த்தார்.

"அதுல எதையாவது கலந்தியா?" என்று அக்காவைக் கேட்டார்.

அக்கா உண்மையைச் சொன்னாள்.

"முகத்தைச் சுளிச்சுக்கிட்டே குடிச்சீங்க, பாக்கப் பாவமா இருந்துச்சு. டம்ளருக்கு நாலு ஸ்பூன் சர்க்கரை போட்டேன். எவ்வளவு இருந்தாலும் அது தின்னுடும்னு நீங்கதானே சொன்னீங்க?"