தேனும் மோரும்

பட்டாம்பிக்குப் பக்கத்து ஊர் வாசகசாலையில் ஞாயிற்றுக்கிழமை தோறும் கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிப்பவர்கள் கூடுவார்கள். வாத்தியார் கிடையாது. யாருக்கு எது வருமோ அதை அவர் சொல்லிக்கொடுப்பார். ஆங்கிலத்துக்கு அதுல்யா. அங்கே வந்தவர்களில் வயதில் மூத்தவள் அவளுடைய அண்ணன் மனைவி பிரசீதா, தையல் கடையில் வேலை பார்ப்பவள். இந்தத் தேர்வைக் கோட்டைவிட்டால் அவளுக்கு வயது வரம்பு தாண்டிவிடும்.

இருவரும் ஒரே வீடு. ஆனாலும் பேச்சு குறைவுதான். மாமியார் கார்த்தியாயினி மருமகளின் மீன் கறியைக்கூட மகளின் கறியோடு ஒப்பிட்டே சாப்பிடுவாள். அந்த ஒப்பீடு இரண்டு பேருக்கும் நடுவில் வேலி போட்டு வைத்திருந்தது.

தேர்விலும் பிரசீதாவுக்கு இடறியது ஒப்பீடுதான். 'மோர் பெட்டர்' என்று எழுதுவாள். 'சீனியர்' வந்தால், 'டூ' (to) வரவேண்டிய இடத்தில் யோசிக்காமல் 'தேன்' (than) சேர்த்துவிடுவாள். ஒரு ஞாயிறு, அதே தப்பு மூன்றாவது முறை.

அதுல்யா தாளைக் கீழே வைத்தாள். "பெட்டர்ல மோரை ஊத்துறீங்க, சீனியர் மேல தேனை ஊத்துறீங்க. இது கிராமரா, அடுக்களையா சேச்சி?"

எல்லோரும் சிரித்தார்கள். பிரசீதாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. எழுந்து போய்விடலாமா என்றிருந்தது. ஆனால் மோரும் தேனும் காதில் விழுந்ததும் அவளுக்கும் ஒன்று தோன்றியது.

"பெட்டர் ஏற்கனவே புளிச்சிருக்கு, மோர் வேணாம். சரி. சீனியர், சுப்பீரியர் எல்லாம் வயசான ஆபீசருங்க. சுகர் இருக்கும். தேன் ஆகாது, 'டூ' போதும். அப்படித்தானேடீ?"

"அப்போ ஜூனியர்?"

"அவனும் அந்த ஆபீஸ் டீயைத்தானே குடிக்கிறான். அவனுக்கும் வந்திருக்கும்."

அதுல்யா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அன்று வீட்டுக்கு இருவரும் சேர்ந்தே நடந்தார்கள். அதற்குப் பிறகு வெங்காயம் உரிக்கும்போதும் கேள்வி, துணி காயப்போடும்போதும் கேள்வி. மாமியார் ஒப்பிட வாயெடுத்தால், "அம்மா, பொறு, ஒரு கேள்வி இருக்கு" என்று அதுல்யா அண்ணியை இழுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்விடுவாள்.

தேர்வில் 'சுப்பீரியர்' வந்தது. பிரசீதா வினாத்தாளைப் பார்த்துத் தனியே சிரித்ததைக் கண்காணிப்பாளர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

தரவரிசைப் பட்டியலில் அதுல்யா மேலே, பிரசீதா வெகு கீழே. அதுல்யா பஞ்சாயத்து அலுவலகத்தில் சேர்ந்துவிட்டாள். பட்டியல் காலாவதியாவதற்குள் தன் முறை வருமா என்று பிரசீதா தையல் மிஷினை மிதித்தபடி காத்திருந்தாள். ஒரு வருஷம் கழித்து நியமன ஆணை வந்தது. அதே அலுவலகம்.

முதல் நாள் அதுல்யா அவளை எல்லோருக்கும் அறிமுகம் செய்தாள். "எங்க ஏட்டன் பொண்டாட்டி. வயசுல எனக்கு மூத்தவங்க. சர்வீஸ்ல நான்தான் சீனியர். அதனால இங்க நான் சொல்றதக் கேக்கணும்."

"வீட்டுக்கு வா, அங்க பாத்துக்கறேன்" என்றாள் பிரசீதா.

மதியம் வரி ரசீது போடத் தெரியாமல் அவள் கணினி முன் திணறினாள். யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. அதுல்யா தன் நாற்காலியை இழுத்துவந்து பக்கத்தில் போட்டுக்கொண்டு, சாயங்காலம் பஸ்ஸுக்கு நேரமாகும்வரை எழுந்திருக்கவே இல்லை.