சந்தனம் பூசிய கீபோர்டு

கீபோர்டு என்றாலே எனக்குப் பஜ்ஜி எண்ணெய் நாற்றம்தான் முதலில் நினைவுக்கு வரும். தொண்ணூற்று மூன்றில் விழுப்புரத்தில் நான் வேலைக்குச் சேர்ந்த கம்ப்யூட்டர் சென்டரில் முதலாளி பஜ்ஜி தின்ற கையைக் கழுவ மாட்டார். விரலை நக்கிக்கொள்வார், அத்தோடு சரி. அந்த விரலாலேயே என் கீபோர்டைத் தட்டி, "எதுவரைக்கும் அடிச்சிக்கினு இருக்க?" என்பார். தினமும் காலையில் அந்தப் பிசுக்கை ஈரத்துணியால் துடைக்கும்போது குமட்டிக்கொண்டு வரும்.

அத்தனையையும் பொறுத்துக்கொண்டது அந்தக் கீபோர்டுக்காகத்தான். ஒவ்வொரு கீயின் அடியிலும் தனி ஸ்பிரிங். பாதி அழுத்தும்போதே 'டக்'கென்று ஒரு தட்டு விரல் நுனியில் தெரியும். எழுத்து விழுந்துவிட்டது, இனி அழுத்த வேண்டாம் என்று அதுவே சொல்லிவிடும். மற்ற மேசைகளில் இருந்தவை ரப்பர் வைத்தவை. ஊறிப்போன இட்லியில் விரலை விட்டதுபோல இருக்கும், தூ. என் வேகத்துக்கு ஊரில் நல்ல பேர். கோர்ட்டு வேலையெல்லாம் என்னைக் கேட்டே வரும். அப்பா இல்லாத வீட்டில் அந்தப் பேர்தான் எங்களுக்குச் சோறு போட்டது.

ஆயுத பூஜைக்கு முதலாளி கம்ப்யூட்டருக்கு மாலை போட்டதோடு நிற்கவில்லை. பன்னீர் விட்டுக் குழைத்த சந்தனத்தை ஒரு கீ விடாமல் பொட்டாக வைத்தார். "சார், சந்தனம் உள்ள எறங்கிடும் சார்" என்றேன். "சாமி காரியத்துல வாய வெக்காத" என்றார். லீவு முடிந்து வந்து அழுத்தினால், உள்ளே போன கீ மேலே வரவில்லை. சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. எதிரில் வக்கீல் குமாஸ்தா நின்றிருந்தார். முதலாளி கொஞ்சமும் கூசாமல் அவரிடம் சொன்னார்: "இந்தப் பொண்ணுக்குக் கை முரடுங்க. இடிச்சி இடிச்சியே ஒடச்சிட்டா."

வேலை போயிற்று. முரட்டுக் கைக்காரி என்ற பேர் எனக்கு முன்னால் மற்ற சென்டர்களுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. ஒருவரும் என்னை மெஷினில் உட்காரவிடவில்லை. திண்டிவனத்துக்குப் போய், துணிக்கடையில் பில் போட்டு, பல வருஷம் கழித்துத்தான் சொந்தமாக ஒரு டைப்பிங் கடை வைத்தேன்.

கடை நிமிர்ந்த பிறகு ஸ்பிரிங் கீபோர்டு மூன்று வாங்கினேன். கீயின் அடியில் இருக்கும் ஸ்விட்சின் நிறத்தை வைத்துத்தான் அவற்றுக்குப் பேர். நீல ஸ்விட்ச் சரியான வாயாடி. பழுப்பு சத்தம் போடாமல் நடுவில் ஒரு சின்ன மேட்டை மட்டும் காட்டும். சிவப்பு எந்தத் தடையும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு இறங்கும்; அழுத்தினோமா இல்லையா என்றே விரலுக்குத் தெரியாது. நான் நீலத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஒருநாள் அந்த விழுப்புரத்து முதலாளி ஏதோ மனு அடிக்க வந்தார். தளர்ந்துபோயிருந்தார். நான் அடிப்பதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, கடையில் இருந்தவர்களிடம் பெருமையாகச் சொன்னார்: "நம்மகிட்ட இருந்த பொண்ணுதாங்க. அப்பவே பூ மாதிரி கை. ஒரு கீக்கு வலிக்காது."

மனுஷன் உண்மையிலேயே மறந்துவிட்டிருந்தார். பஜ்ஜிப் பிசுக்குக்குக்கூட எனக்கு அப்படிக் குமட்டியதில்லை. இதையே அன்றைக்கு அந்தக் குமாஸ்தாவிடம் சொல்லியிருந்தால், இடுப்பு வலியோடு என் அம்மா கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கக் கூலிக்குப் போயிருக்க மாட்டாள்.