மை தேங்கிய நகம்

1961 ஐப்பசியில் என் அக்கா பிரசவத்தில் செத்துப்போனாள். அதற்கடுத்த மாதங்களில் அவளுக்கு இருந்ததெல்லாம் எனக்கும் வந்தது. நாலு எட்டு வைத்தால் மூச்சு வாங்கும். கடலைக்குக் களை வெட்டும்போது கண் இருட்டும். யாருக்கும் தெரியாமல் அடுப்பு மண்ணைப் பெயர்த்துத் தின்பேன். வயிற்றில் பிள்ளை வேறு.

வாயில் மண்ணோடு மாமியார் என்னைப் பிடித்துவிட்டார்.

"செத்துப்போன அக்காக்காரிதான் இவ மேல வந்து ஏறிக்கிட்டா" என்றார்.

பேய் ஓட்டும் கோடாங்கி வந்தான். வேப்பங்குழையால் அடித்தான். மாரியம்மன் பெயரைச் சொல்லித்தான் அடித்தான். என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார்.

மறுநாள் கோயிலுக்குப் போய் அம்மன் முன்னால் விழுந்தேன். "பேயோ நோயோ, எதுன்னு காட்டிரு தாயே. இல்லாட்டி என்னையும் எடுத்துக்க" என்று அழுதேன். வேறு எதுவும் கேட்கவில்லை.

அந்த வாரமே தேர்தல் வந்தது. 1962, மாசி மாதம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஓட்டுப்பதிவு. மை வைக்க ஒரு டீச்சர் உட்கார்ந்திருந்தார். என் இடது ஆள்காட்டி விரலில் மை வைத்தவர் கையை விடவில்லை. மை நகத்தின் நடுவில் குளம் மாதிரி தேங்கி நின்றது.

"ஏம்மா, நகம் இப்படிக் கரண்டியாட்டம் குழிஞ்சிருக்கு? ஒரு பொட்டுச் செவப்பு இல்லையே. எங்க அம்மாவுக்கு இப்படித்தான் இருந்துச்சு. ரத்தம் இல்லேன்னு டாக்டர் சொன்னாரு. யாரு கூட வந்தீங்க?"

பின்னால் நின்ற மாமியார், "அதெல்லாம் பேய்க்கோளாறுங்க" என்றார்.

"பேய் நகத்தையா குழிக்கும்? நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க."

வரிசையே கேட்டது. ஊர் கேட்டுவிட்டதால்தான் மறுநாள் என் வீட்டுக்காரர் புதுக்கோட்டைக்கு பஸ் ஏற்றினார். என் மேல் இரக்கப்பட்டு அல்ல.

டாக்டர் நகத்தை அமுக்கிப் பார்த்தார். கண்ணின் கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். வெறுங்காலோடு வயலில் நடந்ததில் கொக்கிப்புழு ஏறி ரத்தத்தைக் குடித்திருக்கிறது என்றார். மண் தின்னும் ஆசையும் ரத்தக் குறைவால்தான் என்றார். அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவள் நகமும் இப்படித்தான் குழிந்து, சேலை நூலில் மாட்டிக்கொண்டே இருக்கும் என்றேன்.

"அதுவும் இதேதாம்மா. நேரத்தோட வந்திருந்தா பிழைச்சிருப்பாங்க."

அந்த இடத்திலேயே உட்கார்ந்து அழுதேன். அன்றைக்கு அம்மனுக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அக்காவும் இதே அம்மனிடம்தானே வேண்டினாள்? இன்றுவரை எனக்கு அதற்குப் பதில் தெரியாது.

மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பூச்சி மருந்தும் இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தார்கள். ஆடியில் பெண் பிறந்தாள். இரண்டு பேரும் பிழைத்தோம். கேட்டதை அம்மன் காட்டினாள் என்றுதான் நம்புகிறேன்.

நீங்களும் நம்பிக் கேளுங்கள். ஆனால் வீட்டில் ஒருத்தி சோர்ந்து உட்கார்ந்தால் அவள் கையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அம்மன் பெயரைச் சொல்லி எவனாவது குழையை ஓங்கினால் தடுத்து நிறுத்துங்கள்.

மாமியாரை மன்னிக்கிற மனதையும் அம்மனிடம் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். அதை அவள் இன்னும் கொடுக்கவில்லை.