கேட்டுக்கு வெளியே தனகோட்டி

முதல் மணி அடித்ததும் தனகோட்டி மொபெட்டின் முன்பக்கத்திலிருந்து பச்சை பிளாஸ்டிக் ஸ்டூலை இறக்குவார். ஆலய கேட்டுக்கு வெளியே, புங்கமரத்தடியில் அதைப் போட்டுக் குனிந்து நான்கு கால்களையும் பார்வையிடுவார். ஒரு கால்கூட கேட்டைத் தாண்டி உள்ளே போய்விடக் கூடாது. போனால் வேலைநிறுத்தம் சட்டவிரோதமாகிவிடும். திருப்தியானதும் குடையை விரித்துக்கொண்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை கசங்காமல் உட்கார்வார். பின்சீட்டிலிருந்து இறங்கி நிற்கும் மனைவியிடம், "நீ உள்ள போ புள்ள, நேரமாவுது" என்பார். சாமியம்மாள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, வேதப்புத்தகப் பையோடு படியேறிப் போவார்.

மந்தாரக்குப்பத்தின் அந்தச் சின்ன ஆலயத்துக்கு வருகிறவர்கள் யாரும் இப்போது இதை வேடிக்கை பார்ப்பதில்லை. நெய்வேலிச் சுரங்கத்தை நம்பிப் பிழைக்கிற ஊர். எந்த கேட்டுக்கு வெளியே யார் உட்கார்ந்திருந்தாலும், "என்னா கோரிக்கை?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு டீ குடிக்கப் போகிற ஜனங்கள். இங்கே இரண்டே வித்தியாசங்கள். உட்கார்ந்திருப்பது ஒரே ஓர் ஆள். எதிர்த்தரப்பில் இருப்பது வானத்தையும் பூமியையும் உண்டாக்கிய நிர்வாகம்.

தனகோட்டி சுரங்கத்தில் பம்பு செக்‌ஷன். ஊருக்குப் புதிதாக வருகிறவர்கள் நெய்வேலியில் பழுப்பு நிலக்கரி மட்டும்தான் இருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். கரிக்குக் கீழே தண்ணீர் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீர்போலச் சாதுவாகக் கிடக்கிற ஜாதி இல்லை. இடம் கிடைத்தால் முட்டிக்கொண்டு மேலே வரப் பார்க்கிற தண்ணீர். ராத்திரி பகல் இல்லாமல் பம்புகள் அதை இறைத்துக்கொண்டே இருப்பதால்தான் சுரங்கம் சுரங்கமாக இருக்கிறது, ஏரியாகாமல்.

இதனால் தனகோட்டிக்கு வாழ்க்கையில் ஒரு பெரிய குறை உண்டு. சங்கத்தில் அவர் பழுத்த ஆள். கோஷம் போட்டால் தொண்டை ஸ்பீக்கர் பாக்ஸ் வைத்த மாதிரி இருக்கும். ஆனால் ஒரு தடவைகூட வேலைநிறுத்தம் செய்ததில்லை. செய்ய விட்டதில்லை. எந்த ஸ்ட்ரைக்கிலும் பம்பு செக்‌ஷனுக்கு விதிவிலக்கு. பம்பு நின்றால், கோரிக்கை ஜெயித்துத் திரும்பி வருகிறவனுக்கு வேலை செய்யச் சுரங்கம் இருக்காது. ஆகவே மற்றவர்கள் கேட்டில் கொடி பிடித்து நிற்கும்போது, தனகோட்டி சட்டையில் கறுப்பு பேட்ஜ் குத்திக்கொண்டு, தன் சங்கத்துக்காரர்களே வழிவிட, உள்ளே போய் டியூட்டி பார்ப்பார். கல்யாண வீட்டுக்குப் போய்விட்டு ஒவ்வொரு முறையும் பந்தியில் உட்காராமலே திரும்புகிறவனின் முகம் அன்றைக்கெல்லாம் அவருக்கு இருக்கும்.

அவர் நடத்துகிற முதல் வேலைநிறுத்தமே ஆண்டவருக்கு எதிராக அமைந்துவிட்டது.

அதற்கு முன்னால் சாமியம்மாளுக்கு மார்பில் கட்டி வந்தது. புதுச்சேரியில் ஆபரேஷன், பிறகு கீமோ. சபையே உபவாசம் இருந்து ஜெபித்தது. சுகமாகிவிட்டது என்றார் டாக்டர். தனகோட்டி சபை முழுவதற்கும் கேசரி போட்டு, மைக்கைப் பிடித்து, ஆண்டவர் சுகம் தந்ததைச் சாட்சி சொன்னார். சாட்சி பிரசங்கத்தைவிட நீண்டது. யாரும் குறை சொல்லவில்லை. அடுத்த மழைக்காலத்தில் முதுகில் வலி என்று மறுபடி புதுச்சேரிக்குப் போனார்கள். நோய் எலும்புக்கு வந்திருந்தது. திரும்புகிற பஸ்ஸில் சாமியம்மாள் ஜன்னல் பக்கம், தனகோட்டி இந்தப் பக்கம். பண்ருட்டி தாண்டும்வரை அவர் டிக்கெட்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். தாண்டியதும், "கேசரி வேற போட்டுட்டனே" என்றார்.

அந்த ஞாயிறு, பாஸ்டர் சசிகுமார் அறிவிப்புகள் வாசித்துக்கொண்டிருந்தார். இளவயசு, இதுதான் முதல் சபை. ஒரு கல்யாண ஓலைக்கும் பெண்கள் ஐக்கியச் சாப்பாட்டுக்கும் நடுவில் தனகோட்டி எழுந்தார்.

"எனக்கும் ஒரு அறிவிப்பு இருக்குதுங்க."

"சொல்லுங்கண்ணே."

"சபைக்கும், சபைக்கு மேல இருக்கறவருக்கும் தெரிவிச்சுக்கறது என்னான்னா, நான் ஸ்ட்ரைக்குங்க. இன்னைலேர்ந்து ஜெபம் கெடையாது, பாட்டு கெடையாது, ஆமென் கெடையாது. ஒரே கோரிக்கை, என் பொண்டாட்டிக்கு சொகம். திருப்பி வாங்கிக்கறதுன்னா அப்பவே குடுத்திருக்கக் கூடாது. எல்லார் முன்னாலயும் சாட்சி சொல்ல வெச்சிட்டு இப்படிப் பண்றது நியாயமில்லைங்க."

சொல்லிவிட்டு வெளியே நடந்தார். சபை மொத்தமும் கழுத்தைத் திருப்பி அவரையே பார்த்தது. சாமியம்மாள் மட்டும் பாட்டுப் புத்தகத்தைப் புரட்டி அடுத்த பாட்டை எடுத்து வைத்துக்கொண்டார்.

நிபந்தனைகளைக் கடைப்பிடிப்பதில் தனகோட்டி கறார். ஒலிபெருக்கி மரத்துக்கு நேராகக் கட்டியிருப்பதால் ஆராதனை முழுவதும் அவர் காதில் விழும். கேட்பதற்குத் தடை இல்லை. ஆனால் பழகிய பாட்டு வரும்போது உதட்டை மடித்துப் பற்களால் பிடித்துக்கொள்வார். கால் மட்டும் தாளம் போடும். அதைச் சுட்டிக்காட்டியவர் சடையப்பன், அதே பம்பு செக்‌ஷன், எதிர் டீக்கடையில் ஞாயிற்றுக்கிழமைப் பேப்பர் படிக்கிறவர்.

"என்னா தனகோட்டி, கால் கருங்காலி வேல பாக்குது?"

"வாய்தான்யா பெர்மனன்ட். கால் கான்ட்ராக்ட். அத நம்ம சங்கம் கட்டுப்படுத்தாது."

சடையப்பன் முருகனுக்குக் காவடி எடுக்கிறவர். நண்பனின் கஷ்டத்தைப் பார்த்து மனசு தாளாமல் ஒருநாள் யோசனை சொன்னார். "எவ்ளோ நாளு வெயில்ல உக்காந்துகினு இருப்ப? அவரு கேக்கலன்னா வுடு. எங்காளுகிட்ட ஒரு தபா வந்து பாரேன்."

தனகோட்டி குடையை மடக்கினார். விஷயம் முக்கியமானால் குடையை மடக்கிவிட்டுத்தான் பேசுவார். "மேனேஜ்மென்ட்டு சரியில்லன்னு வேற கம்பெனிக்குப் போறவனுக்குப் பேரு ஸ்ட்ரைக் பண்றவனா? ராஜினாமா பண்றவன். நான் எங்கயும் போவல. இதே கேட்டுலதான் இருக்கேன்."

சபைக்குள்ளும் கருத்து வேற்றுமை இருந்தது. மூன்றாவது பெஞ்சு வீரம்மாள், ஜெபக்குழுவின் தலைவி, போகும்போதும் வரும்போதும் மரத்தடியைப் பார்த்து, "சாத்தான் குடை புடிச்சிக்கினு உக்காந்துருக்கான்" என்று காற்றிடம் சொல்வார். தனகோட்டி எழுந்து நின்று, "ஸ்தோத்திரம்க்கா" என்பார். பிறகுதான், துதி வார்த்தையைச் சொல்லி நிபந்தனையை மீறிவிட்டது உறைக்கும். அன்று முழுவதும் தன்மேலேயே கோபமாக இருப்பார்.

பாஸ்டர் ஒரு சனிக்கிழமை பலாப்பழத்தோடு வீட்டுக்குப் பேச்சுவார்த்தைக்கு வந்தார். எண்ணெய் தடவிய கையால் சுளைகளைப் பிரித்துக்கொண்டே தனகோட்டி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

"விசுவாசமே போயிடுச்சாண்ணே?" பாஸ்டர் கடைசியில் பயந்துகொண்டே கேட்டுவிட்டார்.

"இல்லாத ஆள எதிர்த்து எவனாவது ஸ்ட்ரைக் பண்ணுவானா தம்பி? ஆளு உள்ளதான் இருக்காரு. எனக்குத் தெரியாதா?"

பழம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பேச்சுவார்த்தை தோல்வியில் முடிந்தது.

பாஸ்டரிடம் அவர் சொல்லாத ஒன்று உண்டு. சில ஞாயிறுகளில் பிரசங்கத்தின் நடுவே கரண்டு போய்விடும். ஊருக்கெல்லாம் மின்சாரம் கொடுக்கிற இடத்துக்குப் பக்கத்தில் கரண்டு போவது தனிக்கதை. ஒலிபெருக்கி சட்டென்று ஊமையாகும். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாது. அந்த அமைதியில் தனகோட்டிக்கு ஒரு சந்தேகம் வரும். உண்மையிலேயே உள்ளே யாரும் இல்லையோ? இத்தனை வருஷமாக ஆளில்லாத ஆபீஸுக்குத்தான் மனுப் போட்டுக்கொண்டிருந்தோமோ? மேஜை, நாற்காலி, சுற்றுகிற ஃபேன், அவ்வளவுதானோ? அப்படித் தோன்றும்போதெல்லாம் அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, ஸ்டூலைக் கேட்டுப் பக்கமாகக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொள்வார். கால்கள் எல்லைக்குள் போகாமல்தான். இந்தப் போராட்டம் தொடங்கியபோது மரத்தின் அந்தப் பக்கம் இருந்த ஸ்டூல் இப்போது கேட்டின் கம்பியை உரசிக்கொண்டு இருப்பதற்கு இதுதான் காரணம். நிழலுக்காக என்று அவர் சொல்லிக்கொள்வார். நிழல் பழைய இடத்தில்தான் அதிகம்.

இன்னொன்று சாமியம்மாளுக்கு மட்டும் தெரியும். முதல் ஷிப்டுக்குக் கிளம்பும் நாட்களில், டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்ட பிறகு, தூங்குகிற மனைவியின் முதுகில், வலிக்கிற இடத்தில், தனகோட்டி உள்ளங்கையை வைப்பார். உதடு அசையும். தூங்குவதாக நடிப்பதில் சாமியம்மாள் தேர்ந்தவர். கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, ஒரு காலையில் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"ஸ்ட்ரைக்குன்னு சொன்னாங்க. யாரோ என் முதுவுல கைய வெச்சிகினு மொணமொணங்கறாங்களே?"

கை விருட்டென்று விலகியது. "அது ஜெபம் இல்ல."

"பின்ன?"

"பம்பு."

"பம்பா?"

"ஸ்ட்ரைக்குன்னா பம்ப நிறுத்திருவாங்களா? கீழேர்ந்து தண்ணி வந்துகினேதான் கெடக்குது. ஒரு நாளு நிறுத்துனேன்னு வெச்சிக்க, நான் முழுவிப் போயிருவேன் புள்ள."

சாமியம்மாள் அந்தக் கையைத் தேடிப் பிடித்து மறுபடி முதுகில் வைத்துக்கொண்டார். பிறகு, "அப்ப ஓடட்டும். கைய எடுக்காதீங்க, சூடா நல்லாருக்குது" என்றார். அன்றைக்குத் தனகோட்டி ஷிப்டுக்குத் தாமதம். காரணம் கேட்ட ஃபோர்மேனிடம் மொபெட் பஞ்சர் என்றார்.

போன மாதத்து முதல் ஞாயிறு, அப்பமும் திராட்சரசமும் கொடுக்கிற இராப்போஜன ஆராதனை. முதல் மணி அடித்தது. ஸ்டூல் இறங்கியது, கால்கள் சரிபார்க்கப்பட்டன, குடை விரிந்தது. "நீ உள்ள போ புள்ள" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தால், சாமியம்மாள் போகவில்லை. மொபெட் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆலயத்தின் படிகளை ஒரு தடவை பார்த்தார். மெல்ல நடந்து வந்து, புருஷனை எழுந்திருக்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டார்.

"என்னா இது?"

"முடியலங்க. படி ஏற முடியாது. இங்கியே உக்காந்து கேட்டுக்கறேன். சத்தம் நல்லாதான் வருது."

தனகோட்டி குடையை மடக்கினார். விரித்தார். திரும்பவும் மடக்கினார். "அதெல்லாம் இல்ல. நீ உள்ள போவணும்."

"நீங்க மட்டும் வெளிய உக்காரலாமா?"

"நீ உள்ள இருக்கற தைரியத்துலதானே நான் வெளிய உக்காந்துகினு இருக்கேன்!"

இந்தச் சத்தத்துக்கு எதிர் டீக்கடையில் சடையப்பன் பேப்பரை இறக்கினார். படியில் நின்ற வீரம்மாள் காற்றிடம் எதுவும் சொல்லவில்லை. உள்ளே முதல் பாட்டு தொடங்கிவிட்டது. தனகோட்டியின் கால் தாளம் போடவில்லை. அவர், ஏதோ பெரிய மோட்டார் ஒன்று ஓடுகிற சத்தம் நின்றுவிட்டதுபோலக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்.

"அப்ப கூட்டிக்கினு போங்க" என்றார் சாமியம்மாள்.

"ஸ்ட்ரைக்கு?"

"ஸ்ட்ரைக்கு அன்னைக்கு பம்புக்குப் போவீங்களே, எப்படிப் போவீங்க?"

சாமியம்மாள் வேதப்புத்தகப் பையைத் திறந்தார். கண்ணாடிக் கூட்டுக்கும் விக்ஸ் டப்பாவுக்கும் அடியிலிருந்து ஒரு கறுப்புத் துணி எடுத்தார். சதுரமாக வெட்டி, ஓரம் அடித்து, ஊக்கு கோத்து, தயாராக இருந்தது.

"நேத்தே இஸ்திரி போட்டு வெச்சிட்டேன். குனிங்க."

தனகோட்டி குனிந்தார். நெஞ்சுக்கு இடப்பக்கம், பாக்கெட்டுக்கு மேலே, பேட்ஜ் ஏறியது. அவர் முதுகை நிமிர்த்தினார். ஸ்டூலின் மேல் குடையை வைத்தார், இடம் பறிபோய்விடாமல் இருக்க. மனைவியின் இடுப்பைச் சுற்றிக் கையைக் கொடுத்து, படிகளில் ஏறத் தொடங்கினார். ஒவ்வொரு படியிலும் நின்றார்கள். அவசரப்பட ஒன்றுமில்லை, நிர்வாகத் தரப்பு எங்கும் போய்விடாது என்பது இருவருக்கும் தெரியும்.

பீடத்துக்கு முன்னால் முழங்கால் போடும் இடத்தில், வரிசையின் கடைசியில் இரண்டு பேரும் முழங்கால் போட்டார்கள். தனகோட்டி பாடவில்லை. பாவ அறிக்கையில் எல்லோரும் தலை குனிந்தபோது அவர் நேராக மேலே பார்த்தார். அப்பத் தட்டோடு பாஸ்டர் சசிகுமார் ஒவ்வொருவராக வந்தார். தனகோட்டியிடம் வந்ததும் பேட்ஜைப் பார்த்து நின்றார். வேதசாஸ்திரக் கல்லூரியில் இதை யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. வீரம்மாள் பக்கத்திலிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

தனகோட்டி இரண்டு கைகளையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து நீட்டினார்.

அவர் தோளில் சாய்ந்திருந்த சாமியம்மாளின் பாரத்தில் பேட்ஜ் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. சாமியம்மாள் தலையைத் தூக்கிப் பார்த்து, ஒரு விரலால் அதை நேராக்கினார். பிறகு தன் கையையும் நீட்டினார்.