சிரித்தால்தான் எடுக்கும்

ஸ்ரூடியோக்காரர் அக்காவின் பின்னால் ஒரு நீர்வீழ்ச்சியை வைத்திருந்தார். நீர்வீழ்ச்சியை ரீவியில் மட்டுமே கண்ட அக்கா, அதற்கு முன்னால் புதிதாய் வெள்ளையடித்த மதில் போன்ற முகத்தோடு நின்றாள். அந்தப் படம் கனடாவுக்குப் போய், அங்கிருந்து பதிலும் வந்துவிட்டது.

“பிள்ளை வடிவாய்த்தான் இருக்கிறாவாம். ஆனா உது கலண்டர் மாதிரிக் கிடக்காம். வீட்டிலை சும்மா நிக்கேக்கை எடுத்த படம் ஒண்டு வேணுமாம்,” என்று சொல்லிக்கொண்டே சின்னம்மா படலையைத் திறந்து வந்தார். அக்காவின் கலியாணப் பேச்சு முழுவதும் அவர் கையில்தான் இருந்தது. “அவையின்ரை கையிலை இன்னொரு பிள்ளையின்ரை படமும் கிடக்கு. நாளைக்குள்ளை அனுப்பாட்டி அங்காலை போயிடுவினம்.”

நான் விறாந்தையில் சப்பாணி கட்டி இருந்து, கமராவின் பற்றறியைச் சட்டை நுனியால் துடைத்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பத்து வயது. அந்த நொடியில்தான் அந்த யோசனை என் மண்டைக்குள் வெளிச்சம் அடித்தது.

“நான் எடுக்கிறன்!”

ஒருவரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எங்கள் ஒழுங்கையில் கமரா வைத்திருந்தது நான் ஒருத்திதான். கொஞ்ச நேரத்தில் அவர்களாகவே என் பக்கம் திரும்பினார்கள்.

அந்தக் கமரா ஜேர்மனியில் இருந்த பெரியப்பாவுடையது. கோயில் திருவிழாவுக்கு வந்தவர், போகும்போது என் கையில் தந்துவிட்டுப் போனார். வெள்ளி நிறம், சவர்க்காரக் கட்டி அளவு. அதனோடு நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். சார்ஜருக்கு இரண்டு கால், எங்கள் சுவரில் மூன்று துளை. மேல் துளைக்குள் ஒரு ஈர்க்கை விட்டு அமத்தினால்தான் மற்ற இரண்டும் வழி விடும். ஒவ்வொரு முறையும் அம்மா குசினிக்குள் இருந்து கத்துவார். ஒருவழியாய்ச் செருகி முடிக்க, கறண்ட் போகும். வெயிலில் கொண்டுபோனால் திரையில் படம் தெரியாது, என் மூக்குத் துவாரம்தான் தெரியும். எங்கள் செம்மண் தூசி லென்ஸுக்குள் புகுந்து, அது பாதி வெளியே வந்து நின்று கிர்ரென்று அழும். எல்லாவற்றிலும் பெரிய கொடுமை, அமத்தியவுடன் எடுக்காது. யோசித்துவிட்டுத்தான் எடுக்கும். சேவல் மதிலிலிருந்து பாய்கிற நேரம் பார்த்து அமத்துவேன். சேவல் போன பிறகு வெறும் மதில் விழும். வெறும் மதில்களின் படம் என்னிடம் நிறைய இருந்தது.

அதற்கு மேல், உள்ளே இருந்ததெல்லாம் ஜேர்மன் எழுத்து. எனக்கு அந்தச் சொற்களின் இடம் தெரியும், பொருள் தெரியாது. இதை அமத்தினால் வெளிச்சம் அடிக்கும், அதை அமத்தினால் படம் அழியும் என்று விரலால் பாடமாக்கி வைத்திருந்தேன். அன்று காலையும் பொழுது போகாமல் எதையெதையோ அமத்திப் பார்த்திருந்தேன்.

அக்காவைச் “சும்மா நிற்க” வைப்பதற்கு ஒரு மணித்தியாலம் வெளிக்கிடுத்தினார்கள். சேலை கூடாது, சும்மா நிற்கிற மாதிரி இருக்காது. பழைய சட்டையும் கூடாது, சும்மா நிற்கிறதென்றாலும் ஒரு மரியாதை வேண்டும். கடைசியில் மஞ்சள் சட்டை. விறாந்தைக்குப் பக்கத்தில் செவ்வரத்தை மரத்தடியில் நிறுத்தினார்கள். அக்கா நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு வெட்கம் என்று நினைத்தேன்.

நான் அமத்தினேன். எடுக்கவில்லை. திரையில் ஒரு மஞ்சள் முகம் வந்து மினுங்கியது. முன்னால் சின்ன விளக்கு ஒன்று அக்காவைப் பார்த்துக் கண் சிமிட்டியது. திரும்ப அமத்தினேன். மஞ்சள் முகம் போய்விட்டது. இன்னொருமுறை. திரும்பவும் மஞ்சள் முகம், படம் மட்டும் இல்லை. பற்றறி அடையாளம் சிவப்பாகிக்கொண்டிருந்தது.

“கெடுத்துப்போட்டியோ?” என்றார் அம்மா.

“உவளிட்டை உதைக் குடுத்த பெரியப்பாவைச் சொல்லவேணும்,” என்றார் சின்னம்மா.

நான் அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். வேறு வழியில்லாமல் ஒழுங்கை முடக்கு வீட்டு அண்ணையைக் கூட்டிவர ஓடினேன். அவர் சுன்னாகத்தில் சந்தைக்குக் கிட்ட, போன் திருத்துகிற சின்னக் கடை ஒன்று வைத்திருந்தார். சட்டைப் பையில் பேனாவுக்குப் பதில் ஆணி கழற்றும் குட்டித் திருப்புளிகள் வரிசையாய் நிற்கும். சீனாவிலிருந்து வந்த, ஒரு எழுத்தும் விளங்காத போன்களைக்கூடச் சோளப்பொரி கொறித்துக்கொண்டே திருத்துவார். அக்காவின் போனும் அடிக்கடி பழுதாகி அவரிடம்தான் போகும். கமரா இல்லாவிட்டாலும் புதுப் போன்தான். அது ஏன் அப்படிப் பழுதாகிறது என்று நான் யோசித்ததில்லை. என் கமராவே அப்படி இருக்க, அதற்கென்ன என்று விட்டுவிட்டேன். சின்னம்மா ஒருமுறை அவரைப் பற்றி, “நல்ல பெடியன்தான், கெட்டிக்காரன், ஆனா…” என்றது மட்டும் ஞாபகம். அந்த ஆனாவுக்குப் பிறகு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. எல்லாருக்கும் விளங்கியது போலத்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்றபடியால் வீட்டில் நின்றார். சைக்கிளை மிதித்துக்கொண்டு உடனே வந்தார். செவ்வரத்தையடியில் மஞ்சள் சட்டையோடு நின்ற அக்காவைக் கண்டதும் பிறேக் பிடித்தார்.

“கனடாவுக்கு அனுப்பப் படம் எடுக்கிறம் தம்பி,” என்றார் சின்னம்மா, கொஞ்சம் உரத்தே. “மாப்பிளை வீட்டுக்காரர் கேட்டவை. உது எடுக்குதில்லை, ஒருக்காப் பார்.”

அண்ணை கமராவை வாங்கினார். திரையைப் பார்த்தார். சைக்கிளில் சாய்ந்துகொண்டார்.

“இது சிரிச்சால்தான் எடுக்கும், அன்ரி.”

“என்ன விசர்க்கதை? சிரிக்காத சனத்தை எடுக்காதோ?”

“உள்ளுக்கை அப்பிடி ஒரு செற்றிங் போட்டுக் கிடக்கு. எதிரிலை நிக்கிற ஆள் சிரிச்சால் அதுவா எடுக்கும். இல்லாட்டி எடுக்காது.”

“அப்ப அதை நிப்பாட்டிவிடன்.”

அவர் கமராவை அப்படியும் இப்படியும் திருப்பினார். இரண்டு மூன்று இடத்தில் அமத்தினார். பிறகு தலையை ஆட்டினார். “ஜேர்மன் பாஷை. எனக்குப் பிடிபடேல்லை. சிரிக்கச் சொல்லுங்கோ, எடுக்கும்.”

என்னிடம் திருப்பித் தந்துவிட்டுப் போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. எனக்குப் பின்னால், படலைக்குப் பக்கத்தில், சைக்கிளைப் பிடித்தபடி நின்றார்.

அக்காவைச் சிரிக்க வைக்கும் வேலை தொடங்கியது.

“சிரியடி பிள்ளை. கனடாக்காரன் உதுக்குள்ளாலை வந்து கடிக்கமாட்டான்,” என்றார் சின்னம்மா.

அக்கா உதட்டை இரண்டு பக்கமும் இழுத்தாள். மினுங்கியது, எடுக்கவில்லை.

“நேற்றுத் தொடக்கம் உவள் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டுதான் திரியிறாள்,” என்றார் அம்மா.

“கமராவுக்கே விளங்குது, உவளுக்கு விளங்குதில்லை,” என்றார் சின்னம்மா.

நான் கண்ணைச் சொருகி, நாக்கை நீட்டி, குரங்கு மாதிரித் தலையைச் சொறிந்தேன். வழக்கமாக இதற்கு அக்கா விழுந்து விழுந்து சிரிப்பாள். அன்று என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பற்றறி சிவப்பு அணைந்து அணைந்து எரிந்தது. அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன். ஊரில் முதல்தரமாய் எனக்கு ஒரு பெரிய வேலை கிடைத்து, அதுவும் ஒரு பிடிவாதக்கார அக்காவால் நாசமாகப் போகிறது.

அப்போது பின்னாலிருந்து அண்ணையின் குரல் கேட்டது. கேட்டது ஒரு சாதாரணக் கேள்விதான்.

“போன் இப்ப ஒழுங்காய் வேலை செய்யுதோ?”

அக்கா சிரித்தாள்.

முதலில் கண்ணில் தொடங்கி, பிறகுதான் வாய்க்கு வந்தது. கமரா என் கைக்குள் துள்ளியது. ஒன்று, இரண்டு, மூன்று. நான் எதையும் அமத்தவில்லை. மூன்றாவதில் அக்காவின் கை வாயை மூடப் போனது.

“அக்கா, இஞ்சை பார்! கமராவைப் பார்!” என்று கத்தினேன். அதற்குள் பற்றறி செத்து, லென்ஸ் உள்ளே போய்விட்டது.

எனக்குத் திருப்தியில்லை. அக்காவின் கண் லென்ஸில் இல்லை. என் தலைக்கு மேலால் எங்கேயோ போயிருந்தது. பெரியப்பா சொல்லித் தந்த முதல் பாடமே, ஆள் கமராவைப் பார்க்க வேண்டும் என்பதுதான். “கண் சரியில்லை, திரும்ப எடுப்பம், சார்ஜ் போட்டிட்டு எடுப்பம்,” என்று காலை உதைத்து அடம்பிடித்தேன்.

“இது காணும், இனி வேண்டாம்,” என்றார் அம்மா.

கமராவிலிருந்து கணினிக்குப் படம் மாற்றும் வயர் எப்போதோ தொலைந்திருந்தது. சின்னம்மா உள்ளேயிருந்த, படம் பதிகிற சின்ன அட்டையைக் கழற்றி அண்ணையிடம் கொடுத்தார். “தம்பி, கடையைத் திறந்து இதை ஒருக்கா அனுப்பிவிடு. எது வடிவோ அதைப் பார்த்து அனுப்பு. அங்கை விடிய அவை பார்க்கட்டும்.”

“ஓம் அன்ரி.”

அட்டையைத் திருப்புளிகளோடு பைக்குள் போட்டார். படலையைத் தாண்டியும் சைக்கிளில் ஏறவில்லை. ஒழுங்கை முடியும்வரை உருட்டிக்கொண்டே போனார். காற்றுப் போய்விட்டதாக்கும் என்று நினைத்தேன். அக்கா உள்ளே போய் மஞ்சள் சட்டையைக் கழற்றிக் கிணற்றடியில் ஊறப் போட்டாள். அது அழுக்காகவே இல்லை.

கனடாவிலிருந்து ஓம் என்று வந்தது. அண்ணை இரண்டாவது படத்தை அனுப்பியிருந்தார். மூன்றிலும் அதுதான் வடிவு. நான் பள்ளிக்கூடம் முழுக்க, “எங்கடை அக்காவுக்கு நான்தான் மாப்பிளை பிடிச்சனான்,” என்று சொல்லித் திரிந்தேன். கலியாணத்துக்கு வந்த அத்தான் என் கன்னத்தைக் கிள்ளி, “நீர்தானோ அந்தப் படப்பிடிப்பாளர்? உந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் நான் ஓம் எண்டனான்,” என்றார். நான் ஒரு அடி உயர்ந்துவிட்டேன்.

அத்தான் நல்ல மனுசன். அதையும் சொல்ல வேண்டும். அந்தப் படத்தைப் பெரிதாக்கி அவர்கள் வீட்டு ஹோலில் மாட்டியிருக்கிறார். வீடியோவில் கதைக்கும்போதெல்லாம் அதைக் காட்டிப் பகிடி விடுவார். “ஆளை மட்டும்தான் எனக்கு அனுப்பினியள். சிரிப்பு ஊரிலையே நிண்டிட்டுது.” நாங்கள் எல்லோரும் சிரிப்போம். அக்காவுக்கு அந்த நேரம் பார்த்து அடுப்பில் சோறு பொங்கும்.

இப்போது படம் எடுப்பதுதான் என் வேலையும். படித்த படிப்பு வேறு. அதை அம்மா ஆள் ஆளுக்குச் சொல்லிக் கவலைப்படுவார். சனி ஞாயிறுகளில் கலியாண வீடுகளில், “அக்கா, இஞ்சை பாருங்கோ, சிரியுங்கோ,” என்று முன்பின் தெரியாத மணப்பெண்களைப் பார்த்துக் கத்துகிறேன். அவர்களும் பார்க்கிறார்கள், சிரிக்கிறார்கள். என் கமரா யோசிப்பதே இல்லை.

போன கிழமை போனில் அத்தானின் குரல் வந்தது. பிள்ளைகளின் விடுமுறைக்கு எல்லோரும் வருகிறார்களாம். “அதே கமரா, அதே இடம், அதே சிரிப்பு. திரும்ப ஒண்டு எடுக்கவேணும். சரியோ?”

சரி என்றேன். மேசை லாச்சிக்குள் கிடந்த கமராவை எடுத்துப் பார்த்தால் பற்றறி வீங்கிப் போயிருந்தது. சுன்னாகத்துக்கு ஓடினேன். அண்ணையின் கடை இப்போது கண்ணாடிக் கதவு போட்ட கடை. அவருக்குக் காதோரம் நரைத்திருக்கிறது. மகளின் பள்ளிக்கூடப் பை ஒரு கதிரையில் இருந்தது. கமராவைக் கண்டதும், “இது இன்னும் உயிரோடையோ?” என்று சிரித்தார். எங்கேயோ ஒரு பெட்டியைக் கிளறி, பொருந்துகிற பற்றறி ஒன்றை எடுத்துப் போட்டு உயிர்ப்பித்தார்.

திரையில் அதே மஞ்சள் முகம் மினுங்கியது. அதே ஜேர்மன் எழுத்து.

அண்ணை என்னோடு கதைத்துக்கொண்டே, திரையை வாசிக்காமல், பெருவிரலால் இரண்டு தரம் அமத்தினார். மஞ்சள் முகம் போய்விட்டது.

“உது போட்டுக் கிடந்தால் சும்மா பற்றறியைத் தின்னும்,” என்றார்.

எனக்கு வாயில் வந்துவிட்டது. “அண்ணை, உங்களுக்கு அப்ப உதை நிப்பாட்டத் தெரியாது எண்டனீங்களே.”

அவர் லென்ஸில் இருந்த தூசியை ஊதினார். ஒரு துணியை எடுத்துத் துடைத்தார். தேவையைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே துடைத்தார்.

“அக்கா எப்ப வாறா?”

“அடுத்த மாதம்.”

“ம்,” என்றார். பிறகு உள்ளே வந்த ஒருவரின் போனை வாங்கித் திருப்பிப் பார்க்கத் தொடங்கினார்.

வீட்டுக்கு வந்து, அட்டையில் இன்னும் கிடந்த அந்த மூன்று படங்களையும் கணினியில் போட்டேன். பத்து வயதில் எனக்குப் பிழையாகத் தெரிந்தது இப்போதும் அப்படியே இருக்கிறது. அக்கா லென்ஸைப் பார்க்கவில்லை. படலையைப் பார்க்கிறாள். அண்ணை அன்று கேட்டிருந்தது அந்தச் சிரிப்பை. போகிறவளிடம் கேட்க அவருக்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை. கேட்டதை வாங்கி, தன் கையாலேயே அனுப்பியும் வைத்தார். அவர்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது நான். சின்னவள், குள்ளம். பார்வை என் தலைக்கு மேலால் போய் வந்தது. எனக்குத் தெரிந்ததெல்லாம் பற்றறி சிவப்பாகிறது என்பது ஒன்றுதான்.

அத்தானிடம் முடியாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்காவிடம் கேட்பதற்கும் ஒன்றுமில்லை. கேட்டால் சோறு பொங்கும். செவ்வரத்தை மரம் பட்டுப்போய் அந்த இடத்தில் இப்போது தண்ணீர்த் தாங்கி நிற்கிறது. ஆனாலும் அந்தப் பக்கம் பின்னேர வெயில் அப்படியேதான் விழுகிறது. நேற்றும் போய்ப் பார்த்தேன். மஞ்சள் முகத்தைத் திரும்பப் போடவில்லை. இனி இந்தக் கமரா எந்த முகத்தையும் எடுக்கும்.

அக்காவை அங்கே ஒரு கதிரையில் இருத்தப் போகிறேன். சின்னம்மாவையும் அத்தானையும் தேத்தண்ணி குடிக்க உள்ளே அனுப்பிவிட வேண்டும். சிரிக்கச் சொல்லாமல், குரங்கு வேலை காட்டாமல், இந்த முறை “இஞ்சை பார்” என்றும் சொல்லாமல், அவள் பார்க்கிற பக்கம் பார்க்க விட்டு எடுத்துப் பார்க்கப் போகிறேன்.