வரி முடியும் இடம்

மீனம்பாளின் குரல் எப்படி இருக்கும் என்று கேட்டால் செஞ்சியில் யாருக்கும் சொல்லத் தெரியாது. பத்தொன்பது வருடங்களாக மேடையேறுகிறவளுக்கு இது குறையல்ல. அவள் வேலையே அதுதான். நெடுமாறனின் நாட்டுப்புறப் பாட்டுக் குழுவில் அவள் பின்பாட்டு. முன்பாட்டுப் பாடுகிறவளோடு சேர்ந்து ஒவ்வொரு வரியையும் பாட வேண்டும். கேட்கிறவர்களுக்கு ஒரு குரல் தடித்தது போல இருக்கலாம். இரண்டு பேர் என்று தோன்றிவிடக் கூடாது.

பகலில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையலுக்கு உதவி. திருப்பூருக்குப் போன புருஷன் போனவன்தான். பிள்ளை இல்லை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை அறை. ஞாயிற்றுக்கிழமைகளில் பால்காரரிடம் பேசிய இரண்டு வார்த்தைதான் அன்றைய பேச்சு. மேடையில் இன்னொரு குரலுக்குள் போய் நின்றுகொள்வதை அவள் மறைவதாக நினைத்ததில்லை. வீட்டுக்குள் நுழைவது போலத்தான் இருந்தது.

அந்த இன்னொரு குரல் வளர்மதியுடையது. தை மாதம் வளர்மதி பேரனைப் பார்த்துக்கொள்ள ஓசூருக்குப் போய்விட்டாள். அவள் இடத்துக்கு மோனிகா வந்தாள். பி.காம். முடித்த பெண், ஆணி அடித்த மாதிரிக் குரல்.

அவலூர்பேட்டை நிகழ்ச்சி முடிந்த மறுநாள் ஒத்திகையில் நெடுமாறன் செல்போனை நீட்டினான்.

"கோவிச்சுக்காதக்கா. நேத்து ரெக்கார்டு பண்ணது. கேளு."

ஒவ்வொரு வரியின் முடிவிலும் மோனிகாவின் குரல் அசையாமல் நின்றது. அதற்கடியில் இன்னொரு குரல், படியில் கால் வழுக்கியது போல, கொஞ்சம் கீழே சரிந்தது.

"இது யாரு?"

"இன்னாக்கா இப்படிக் கேக்குற. நீதான்."

மோனிகா நகத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "எனக்கு ஒண்ணும் இல்ல அத்தை. நீங்க எறங்கும்போது நான்தான் தப்பா பாடற மாதிரி டென்ஷனா இருக்குது."

"அடுத்து தளவானூர் திருவிழா. அதுல ரெண்டு குரலும் சேரலன்னா வேற ஆள் பாக்கணும்" என்றான் நெடுமாறன். சொல்லும்போது பம்பையின் கயிற்றை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

காரணம் மீனம்பாளுக்குத் தெரியும். வளர்மதிக்கு வரி முடியும் இடத்தில் மூச்சு போதாது. சுதி ஒரு மயிரிழை இறங்கும். அது தனியாகத் தெரிந்துவிடக் கூடாதென்று முதல் வருடத்திலிருந்தே இவளும் கூட இறங்கினாள். இரண்டு பேரும் சேர்ந்து இறங்கினால் அதை யாரும் தப்பு என்பதில்லை. அந்த இழுவைக்காகவே குழுவைக் கூப்பிட்டவர்கள் உண்டு. வளர்மதியிடம் இதை ஒருநாளும் சொன்னதில்லை. தன் வாழ்க்கையில் ஒருவருக்குச் செய்ததிலேயே பெரியது இதுதான் என்று வைத்திருந்தாள்.

அறையில் கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பார்த்தாள். வரி இறங்கியது. பழக்கம், விட்டுவிடும் என்று நினைத்தாள். மறுநாளும் இறங்கியது. தளவானூருக்கு நான்கு நாள் இருக்கையில் வளர்மதிக்கு போன் போட்டாள். இனியாவது அவளிடம் சொல்லிவிட வேண்டும், சொன்னால் இந்தப் பழக்கம் விட்டுவிடும்.

"சாப்டியா மீனா? இங்க லிஃப்ட் ஓடல. அஞ்சு மாடி. இதுக்கு நம்ம கோட்ட படியே தேவல."

"வளரு, வரி முடியற எடத்துல சுதி எறங்குதாம். என்ன எடுத்துடுவாங்க போலிருக்குது."



"கண்டுபுடிச்சிட்டாங்களா" என்றாள் வளர்மதி. "உங்கிட்ட சொல்லவே கூடாதுன்னு இருந்தேன். மொதல்லேர்ந்தே அங்க எறங்குவ மீனா. உனக்கு மூச்சு பத்தாது. நீ தனியா தெரிஞ்சிடக் கூடாதுன்னு நானும் கூடவே எறங்கிடுவேன். அந்தப் பொண்ணு சின்னது. அதுக்கு இன்னா தெரியும்?"

மீனம்பாள் சொல்ல வைத்திருந்த வார்த்தைகளும் கிட்டத்தட்ட அவைதான்.

"பேரன் அழுவறான் பாரு" என்று சொல்லி வளர்மதி போனை வைத்தாள்.

முதலில் இறங்கியது யார்? அந்த முதல் வருடத்து ரெக்கார்டு எதுவும் இல்லை. ஒருவேளை இரண்டு பேருமே தானாக இறங்கவில்லை. ஒருத்தி இறங்கப்போகிறாள் என்று மற்றவள் முந்திக்கொண்டு இறங்கியிருக்கலாம். தோளோடு தோள் உரச நின்று ஆளுக்கொரு ரகசியத்தைக் காத்திருக்கிறார்கள். அப்படியானால் அந்த ஒரே குரலுக்குள் அவளோடு இருந்தது யார் என்று மீனம்பாளுக்குப் புரியவில்லை.

தளவானூரில் ஆறு மணிக்கெல்லாம் பாட்டு ஆரம்பித்தது. முதல் வரி முடிவை நெருங்கியபோது மீனம்பாள் வாயை மூடிக்கொண்டாள். கடைசி எழுத்தை மோனிகா தனியாகப் பாடினாள். அடுத்த வரியிலும் அப்படியே. இரண்டு மணி நேரத்தில் ஒரு வரியைக்கூட அவள் முடிக்கவில்லை. கூட்டத்தில் யாரும் கவனிக்கவில்லை.

"சேந்துடுச்சிக்கா" என்றான் நெடுமாறன். "எப்படிச் சரி பண்ண?"

"மூச்சப் புடிச்சி வச்சேன்."

"இன்னிக்குத்தான் உங்க குரல் தனியா தெரியல அத்தை" என்று மோனிகா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"புதன்கிழமை மேல்சித்தாமூர்ல கல்யாணம். நாலு மணிக்கு வந்துடு" என்றான் நெடுமாறன்.

செஞ்சி திரும்பும் வேனில் போன் அடித்தது. வளர்மதி.

"இன்னா ஆச்சு மீனா?"

"நல்லா ஆச்சு. இன்னிக்கு எறங்கல."

"பாத்தியா. மனசு வச்சா முடியும். நான் அப்பவே சொல்லியிருக்கணும்."

மீனம்பாள் ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். பக்கத்தில் மோனிகா காதில் ஒயரை மாட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

"ஆமா வளரு" என்றாள். "உனக்குத்தான் ரொம்பக் கஷ்டம் குடுத்துட்டேன்."