நங்கநல்லூர்ப் பெண்ணின் பதினெட்டு உதை

தவளை நீச்சலில் ஐம்பது மீட்டர் கடக்க என் பேத்திக்கு இருபத்துமூன்று உதை வேண்டும். அதே குளத்துக்கு வரும் நங்கநல்லூர்ப் பெண்ணுக்குப் பதினெட்டே போதும். மூன்று நாள் விரல் கணுவில் எண்ணிப் பார்த்துவிட்டேன். மீதி ஐந்து உதையை எங்கே ஒளித்து வைத்திருக்கிறாள்?

ஞாயிற்றுக்கிழமை மாநில அணிக்குத் தேர்வு. இரண்டே இடம். ஒன்று அவளுக்குத்தான் என்று குளத்தில் எல்லோருமே சொன்னார்கள். ஏதாவது திருட்டுத்தனத்தில் அவள் மாட்டிக்கொண்டால் என் பேத்திக்கு வழி கொஞ்சம் அகலமாகும்.

முதலில் நீச்சலுடை மேல் சந்தேகம். உடை மாற்றும் அறையில் காய்ந்துகொண்டிருந்ததைத் தடவிப் பார்த்தேன். அவளே வந்துவிட்டாள்.

"பாட்டி, இன்னா தேடுறீங்க?"

"ஒண்ணுமில்ல கண்ணு. துணி நல்லா கீது, ரங்கநாதன் தெருவுல வாங்குனியா?"

நேராகக் கோச்சிடம் போனேன்.

"சார், அந்தப் பொண்ணு தண்ணிக்குள்ள திருட்டு உதை உதைக்குது. படம் புடிச்சிப் பாரு."

என் தொல்லை தாங்காமல் இரண்டு பேரையும் நீருக்கடியில் படம்பிடித்து, மெதுவாக ஓட்டிக் காட்டினார். அவள் ஒரு உதை உதைத்துவிட்டுக் கையை நீட்டிப் பலகை மாதிரி வழுக்கிக்கொண்டே போனாள்.

"பாத்தியா ஆயா? உதைச்சிட்டு சும்மா கீறா. அதான் வித்தை."

அடுத்து என் பேத்தி. கோச் முகம் மாறியது. அவள் வலது பாதம் வெளியே திரும்பாமல் தொங்கியது. அது தப்பு. நடுவர் கண்ணில் பட்டால் கையைத் தூக்குவார், அவ்வளவுதான், போட்டியிலிருந்து வெளியே.

"நல்லா போட்டுக் குடுத்த ஆயா! எதிரி கூட இப்டி பண்ணமாட்டா!" என்றாள் பேத்தி.

"அவள மாட்டிவிடத்தான்டி போனேன்."

அடுத்த மூன்று நாளும் குளத்தில் அந்தக் காலோடுதான் போராட்டம். வீட்டுக்குள்ளும் பாதத்தை விரித்து வாத்து மாதிரி நடந்தாள். சிரித்தால் அடி விழும் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஞாயிறு காலை விசில் ஊதியதும் நான் தண்ணீர்ப் பக்கமே திரும்பவில்லை. ஓரமாக நடந்துவந்த நடுவரின் கையையே பார்த்தேன். பாதி வழியில் அது மேலே போனது. என் உயிரும் கூடவே போனது. மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார், பாவி.

பேத்தி சொட்டச்சொட்ட ஓடிவந்தாள்.

"செகண்டு ஆயா! கடைசில எட்டித் தொட்டேனே, பாத்தியா?"

"இல்லடி. அந்தாளு கையத்தான் பாத்துக்கினு இருந்தேன்."

"சீ, போ! நீயெல்லாம் ஒரு ஆயா!"

திட்டட்டும். அந்த மனிதர் முடிவுத் தாளில் கையெழுத்துப் போட்டு, பேனாவைச் சட்டைப்பையில் செருகும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை.